வழுவிற்குப் பெயரிடுதல்

வினவிய பொருளுக்கு விடை இல்லையெனின், இல்லையென்று கூறுதலும் விடையேயாம். ஆயின் இல்லாமை ஒரு தன்மையது அன்று. வினவியவன் பிழைபட வினவியமையால் விடை இல்லாது போதலும், விடைக்குரிய செய்தி இன்னும் வந்து சேராமையால் இல்லாது போதலும், முன்னிருந்தது அழிந்தமையால் இல்லாது போதலும், கணக்கின் இயல்பே விடைக்கு இடந்தராமையால் இல்லாது போதலும் வேறுவேறாம். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதைப் பொறுத்தே வினவியவன் அடுத்துச் செய்ய வேண்டுவது அமையும். ஆதலின், இல்லாமையின் வகையைச் சொல்லாத விடை அரைவிடை; இல்லாமையை மறைத்து ஓர் எண்ணைக் கூறும் விடை பொய்விடை. கணினி விரிதாள்களில் ஆசிரியரும் அலுவலரும் தாமே இயற்றிக்கொள்ளும் சார்புகள் இவ்விரு குற்றங்களுக்கும் பெரிதும் ஆளாகின்றன. அவை எவ்வாறு நேர்கின்றன, அவற்றை நீக்குதற்குரிய நெறி யாது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரிதாளும் சார்பும்

தவணைப் பரீட்சை முடிந்ததும் கோடிட்ட பெருந்தாளில் மாணவர் பெயரையும் பாடங்களையும் எழுதி, புள்ளிகளைக் கையாற் கூட்டி, நிலை காண்பது வகுப்பாசிரியரின் முன்னை வழக்கம். அப்பெருந்தாளின் இடத்தை இன்று விரிதாள் பெற்றுள்ளது. நிரையும் நிரலும் சந்திக்கும் இடம் கலம் எனப்படும். கலத்தில் எண்ணையோ எழுத்தையோ இடலாம். பிற கலங்களைக் கொண்டு கணிக்கும் சூத்திரத்தையும் இடலாம். கூட்டுத்தொகை, இடை முதலியவற்றைக் காணும் சார்புகள் விரிதாளில் முன்னரே அமைந்துள்ளன. அவை போதாதவிடத்து, எக்செலில் விசுவல் பேசிக் மொழியாலேனும் யாவாஸ்கிரிப்ட் மொழியாலேனும் ஒருவர் தம் தேவைக்கேற்பப் புதிய சார்பை இயற்றலாம். கூகிள் விரிதாளிலும் இவ்வசதி உண்டு. இங்ஙனம் இயற்றப்படுவதே ஈண்டுத் தன்னாக்கச் சார்பு எனப்படுகின்றது.

சார்பு வெற்றி பெற்றால் எண்ணைத் தரும். தோல்வியுற்றால் யாது தருவது என்பதே வினா. விரிதாளை ஆக்கியோர் இவ்வினாவைத் தொடக்கத்திலேயே எண்ணியுள்ளனர். 1979 இல் டான் பிரிக்லினும் பொப் பிராங்ஸ்டனும் ஆக்கிய விசிகல்க் என்னும் முதல் விரிதாளில், பிழை நேர்ந்தது என்பதற்கு ஒன்றும், செய்தி கிடைக்கவில்லை என்பதற்கு மற்றொன்றுமாக இரு குறிகள் இருந்தன. 1983 இல் வந்த லோட்டஸ் 1-2-3 உம் அவ்விரண்டையும் கைக்கொண்டது. பிழையும் கிடையாமையும் ஒன்றல்ல என்னும் தெளிவு இத்துறையின் முதற் படியிலேயே இருந்தமை கருதத்தக்கது. எக்செலில் நெடுங்காலமாக வழங்குவன ஏழு. வெட்டாத இரு பரப்புகளின் வெட்டிடத்தைக் கேட்டால் #நல்!; பூச்சியத்தால் வகுத்தால் #டிவ்/0!; உள்ளீடு தக்க வகையினது அன்றெனின் #வேல்யூ!; சுட்டிய கலம் அழிக்கப்பட்டிருப்பின் #ரெஃப்!; சூத்திரத்திலுள்ள பெயர் அறியப்படாததாயின் #நேம்?; எண் எல்லைக்குள் அடங்காதாயின் #நம்!; தேடியது கிடையாவிடின் #என்/ஏ. பின்னாளிற் சில சேர்ந்துள்ளனவாயினும் அடிப்படை இவ்வேழேயாம்.

இவை வெறும் எழுத்துகள் அல்ல. வழுப்பெறுமானம் என்னும் தனியினத்தைச் சார்ந்தவை. ஒரு கலத்தில் வழுப்பெறுமானம் நின்றால் அக்கலத்தை நம்பிக் கணிக்கும் கலங்களிலும் அது பரவும். அப்பரவலே அதன் பயன். அடியில் உள்ள கேடு மேலே உள்ள கூட்டுத்தொகையிலும் தெரியவருமாறு செய்வது அதுவே.

இலக்கணநூலார் கண்ட நெறி

வழு என்னும் சொல் இலங்கையின் கணித, பௌதிக நூல்களில் இன்று அளவீட்டுப் பிழையைக் குறிக்க வழங்குகின்றது. அச்சொல்லின் பழைய இருப்பிடம் இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திற்குப் பொருள் கூறுங்கால், திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழுவை ஏழாக வகுத்துரைத்தனர் உரையாசிரியர். அச்சொல்லதிகாரச் சேனாவரையருரையை 1868 இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அதே உரை புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு 1938 இல் சுன்னாகத்திலிருந்து வெளிவந்தது. ஆகவே வழுவை வகைப்படுத்தி நோக்கும் கல்வி இக்குடாநாட்டிற்குப் புதிதன்று.

அங்கும் ஏழு, இங்கும் ஏழு என்பது தற்செயலாய் நேர்ந்த எண்ணொற்றுமை. அதனைப் பெரிதாக்கி ஒன்றுக்கொன்று ஈடு காட்ட முயலுதல் பொருந்தாது. கொள்ளத்தக்கது நெறி ஒன்றே. இலக்கண நூலார் தவறான தொடரைக் கண்டவிடத்து 'இது தவறு' என்று மட்டும் கூறி அமையவில்லை. எவ்வகையால் தவறு என்று பெயரிட்டனர். பெயரிட்டமையாலேயே திருத்துவது எளிதாயிற்று. 'அவன் வந்தது' என்பதைத் திணைவழு என்றறிந்தவன் வினைமுடிபின் திணையைத் திருத்துவான். 'நாளை வந்தான்' என்பதைக் காலவழு என்றறிந்தவன் காலத்தைத் திருத்துவான். பெயர் இங்கே திருத்துவோனுக்கு வழிகாட்டியாய் நிற்கின்றது.

விடை பற்றி நன்னூல் கூறுவதும் ஈண்டுப் பயன்படும். விடை எட்டு வகைத்து என்று கூறும் அந்நூல், நேர்விடையோடு அமையாது, குறிப்பாற் பொருள் தரும் விடைகளையும் விடையாகவே ஏற்கின்றது. ஆடுவாயா என்றவனுக்குக் கால் நொந்தது என்று கூறுதல் உற்றதுரைத்தல் எனப்படும். ஆடேன் என்னும் மறுப்போடு, ஆடாமைக்குக் காரணமும் அதில் அடங்குகின்றது. தக்க வழுப்பெறுமானம் ஒவ்வொன்றும் இவ்வாறு உற்றதுரைக்கும் விடையாதல் வேண்டும்.

இசட் புள்ளிச் சார்பு ஒன்று

பொதுநெறி எடுத்துக்காட்டாலன்றி விளங்காது. இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி முறை வழங்கிவருகின்றது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து குழுவின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவதே இசட் புள்ளி. உயர்தர வகுப்பாசிரியர் ஒருவர் தம் மாணவரின் நிலையை முன்னறிதற்பொருட்டு இக்கணக்கைத் தன்னாக்கச் சார்பாக இயற்றுகின்றார் எனக் கொள்ளலாம். மாணவனின் புள்ளி, குழுவின் புள்ளிகள் என்பன அதன் உள்ளீடுகள். அச்சார்பு தோல்வியுறும் இடங்கள் நான்கு.

முதலாவது, எண் இருக்க வேண்டிய கலத்தில் எழுத்து இருத்தல். பூச்சியத்திற்குப் பதிலாக ஆங்கில எழுத்தை அழுத்திவிடுதல் தட்டச்சிற் பெருவழக்கு. இங்கு உள்ளீட்டின் இனமே வேறு. திணை மயங்கிற்று எனலாம். இதற்குரியது #வேல்யூ!. கண்டவர் கலத்திற் பதிந்ததைத் திருத்துவர்.

இரண்டாவது, எண்ணே இருந்தும் அது நூறைக் கடந்திருத்தல் அல்லது பூச்சியத்திற் குறைந்திருத்தல். 105 என்பது எண்தான். புள்ளியாதற்கு மட்டுமே தகாது. இனம் சரி, அளவு பிழை. ஆதலின் #நம்! உரியது. கண்டவர் விடைத்தாளை எடுத்துப் பார்ப்பர். இவ்விரண்டையும் #வேல்யூ! என ஒன்றாக்கினால் என்ன எனச் சிலர் வினவுவர். ஒன்றாக்கினால் முதற் பிழையைத் தேடுவோரும் இரண்டாவதைத் தேடுவோரும் ஒரே இடத்தில் தேடி இடர்ப்படுவர் என்பதே விடை.

மூன்றாவது, மாணவன் பரீட்சைக்குத் தோற்றாதிருத்தல், அல்லது விடைத்தாள் இன்னும் திருத்தப்படாதிருத்தல். இங்கு ஒருவரும் பிழை செய்யவில்லை. செய்தி இல்லை, அவ்வளவே. #என்/ஏ இதற்கென்றே அமைந்தது. ஏழனுள்ளும், இதனை மட்டுமே மனிதர் வேண்டுமென்றே ஒரு கலத்தில் இடுவதற்கு விரிதாள் தனிச்சார்பு தந்துள்ளது. கண்டவர் திருத்துவதற்கு ஒன்றுமில்லை; உசாவுவர் அல்லது காத்திருப்பர்.

நான்காவது, குழுவினர் அனைவரும் ஒரே புள்ளி பெற்றிருத்தல். அப்போது நியம விலகல் பூச்சியமாகும். இசட் புள்ளி என்பதற்கே பொருளின்றிப் போம். எவரும் தவறவில்லை, செய்தியும் குறையவில்லை, அளவுகோல் அங்கு பொருந்தவில்லை. இதற்குரியது #டிவ்/0! என்பதே, அதனைத் தருதலே தக்கது.

இந்நான்கிற்கும் பொதுவாக அமைந்த தேர்வுநெறி ஒன்றுண்டு: 'இப்பெயரைக் கண்டவர் அடுத்து எவ்விடத்தை நோக்குவர்?' என்னும் வினா அது. நோக்க வேண்டிய இடத்தை நோக்கச் செய்வது தக்க பெயர். பிறிதோரிடத்தை நோக்கச் செய்வது தகாத பெயர். எனவே #நேம்? என்பதைத் தன்னாக்கச் சார்பு ஒருபோதும் தருதல் ஆகாது. சார்பின் பெயரே அறியப்படாதவிடத்து எழுவது அது; கண்டவர் எழுத்துக்கூட்டைச் சோதித்து நேரங் கழிப்பர். #ரெஃப்! உம் அத்தகையதே. பரப்பிற்கு அப்பாலுள்ள இடத்தைக் கேட்டவழி அன்றிப் பிறவிடத்து அது மயக்கந் தரும்.

மரபும் இங்குக் காக்கப்பட வேண்டும். தேடிக் கிடையாதவிடத்து உள்ளமைந்த சார்புகள் #என்/ஏ தருகின்றன. எதிரெண்ணின் வர்க்கமூலத்தைக் கேட்டால் #நம்! தருகின்றன, எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் #வேல்யூ! தருகின்றன. தாளைப் படிப்போர் இவ்வழக்கிற் பயின்றவர். ஒரே கேட்டிற்கு உள்ளமைந்த சார்பு ஒரு பெயரும் தன்னாக்கச் சார்பு வேறொரு பெயரும் தருமாயின், அது யானைக்கன்றைப் பிள்ளை என்பதுபோல் மரபுவழுவாய் முடியும்.

பூச்சியம் என்னும் பொய்விடை

தன்னாக்கச் சார்புகளில் மிகுதியுங் காணப்படும் குற்றம், பொருந்தாத பெயரிடுதல் அன்று. பெயரிடாது பூச்சியத்தைத் தருதலேயாம். பூச்சியம் ஓர் எண். மாணவன் பரீட்சைக்குத் தோற்றி ஒன்றும் எழுதாதிருந்தால் அவன் புள்ளி பூச்சியம். தோற்றாதவனுக்கும் அதனையே இட்டால், வினவியது ஒன்று, செப்பியது வேறொன்று. இலக்கண நூலார் செப்புவழு என்றது இத்தகையதையே.

இதன் கேடு அம்மாணவனோடு நில்லாது. ஐவர் கொண்ட ஒரு சிறு குழுவில் நால்வர் 50, 60, 70, 80 எனப் பெற, ஐந்தாமவன் தோற்றவில்லை எனக் கொள்க. நால்வரையும் கொண்டு கணித்தால் இடை 65. நியம விலகல் 11.18. அறுபது பெற்றவனின் இசட் புள்ளி −0.45, எண்பது பெற்றவனது 1.34. தோற்றாதவனுக்குப் பூச்சியம் இட்டு ஐவராகக் கணித்தால் இடை 52 ஆகும். நியம விலகல் 27.86 ஆகும். அப்போது அறுபது பெற்றவன் 0.29 பெற்று இடைக்கு மேற்பட்டவனாகின்றான். எண்பது பெற்றவன் 1.01 இற்கு இறங்குகின்றான். ஒருவரும் தம் விடைத்தாளில் ஓரெழுத்தும் மாற்றவில்லை. வாராத ஒருவனின் பொய்ப்பூச்சியம் வந்த நால்வரின் நிலையையும் மாற்றிற்று. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை நோக்கிப் பல்கலைக்கழக அனுமதி வழங்கப்படும் நாட்டில், எண்பது பெற்றவனின் ஆசிரியர் அவனுக்குக் கூறும் அறிவுரை இவ்வெண்ணைப் பற்றியே அமையும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பூச்சியத்தை நீக்கி வெற்றிடமாய் விடலாமே எனின், அதுவும் முற்றுந் தீர்வாகாது. இடை காணும் உள்ளமைந்த சார்பு வெற்றுக்கலத்தைக் கணக்கிற் கொள்ளாது என்பது உண்மையே. ஆயின் வெற்றுக்கலம் ஒன்றை மற்றொரு கலத்திலிருந்து நேரே சுட்டினால் அங்குப் பூச்சியமே தோன்றும். விசுவல் பேசிக் சார்பு தன் உள்ளீட்டை எண்ணென்று அறுதியிட்டு வாங்குமாயின், வெற்றுக்கலம் அதன் கையில் பூச்சியமாய் மாறிச் சேரும். ஆகவே கலம் வெறுமையா என்று சார்பே முதலிற் சோதித்தல் இன்றியமையாதது. அன்றியும், தோற்றாமையால் வெறுமையா, பதிய மறந்தமையால் வெறுமையா என்பதை வெற்றிடம் சொல்லாது.

வேறு சிலர் 'பிழை' என்றோ 'புள்ளி இல்லை' என்றோ எழுத்துத்தொடர் ஒன்றைச் சார்பின் விடையாகத் தருவர். கண்ணுக்கு இது நன்றாய்த் தோன்றும், கணக்கிற்கு நன்றன்று. கூட்டற் குறியால் அக்கலத்தைக் கூட்டினால் #வேல்யூ! எழுந்து, உண்மைக் காரணத்தை மறைத்து வேறொன்றைச் சாட்டும். பரப்பின் கூட்டுத்தொகை காணும் சார்போ எழுத்தை ஓசையின்றித் தள்ளிவிடும். பிழை உண்டென்பதே மேலே தெரியாது. வழு உளதா என்று சோதிக்கும் சார்புகளும் அதனை வழுவென்று காணா.

விசுவல் பேசிக் சார்பு இடையில் முறிந்தால் எக்செல் #வேல்யூ! என்னும் ஒரே பெயரையே இடும். காரணம் யாதாயினும் பெயர் ஒன்றே. இக்குறையை நீக்க வேண்டுமாயின் இயற்றுவோர் தாமே வகையறிந்து உரிய பெறுமானத்தைத் திருப்புதல் வேண்டும். சார்பின் விடை எண்ணென்று அறுதியிடப்பட்டிருப்பின் அதனால் வழுப்பெறுமானத்தை ஏந்த முடியாது. எதனையும் ஏற்கும் பொதுவகையாய் விடையை அறிவித்தல் வேண்டும். யாவாஸ்கிரிப்ட் வழியில் இயற்றும் எக்செல் சார்புகளில் #வேல்யூ!, #என்/ஏ என்னும் இரண்டனோடு மட்டும் விளக்கவுரை சேர்த்து அனுப்ப இடமுண்டு. மற்றையவற்றிற்கு அவ்விடம் இல்லாமை ஒரு குறையே. கூகிள் விரிதாளிற் சார்பு எறியும் பிழை யாதாயினும் #எரர்! எனத் தோன்றி, விளக்கவுரையை உடன் தருகின்றது. அங்குப் பெயரின் வேலையையும் உரையே செய்தல் வேண்டுமாதலின், உரையைச் செவ்விதின் எழுதுதல் இயற்றுவோர் கடன்.

மூடிவைக்கும் வழக்கம்

எக்செலில் 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு இஃப்எரர் என்னும் சார்பு வந்தது. எவ்வழு நேர்ந்தாலும் அதன் இடத்தில் வேண்டியதொன்றை வைக்க அது உதவும். நல்ல நோக்குடைய இச்சார்பு, தாளைத் தூய்மையாகக் காட்டும் திரையாய் இன்று பெரிதும் பயன்படுகின்றது. வழு எதுவாயினும் பூச்சியமோ வெற்றுத்தொடரோ வைத்து மூடிவிடுகின்றனர். தோற்றாத மாணவனை மறைக்க இட்ட திரை, அழிந்த நிரலையும், பிழைபட்ட பெயரையும், நூறைக் கடந்த புள்ளியையும் ஒருங்கே மறைத்துவிடும். 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த இஃப்என்ஏ என்னும் சார்பு #என்/ஏ ஒன்றனையே மாற்றி, ஏனையவற்றை வெளியே நிற்க விடும். இரண்டனுள்ளும் இதுவே பெரும்பாலும் வேண்டப்படுவது.

இதற்கு ஆசிரியர் பக்கத்தில் ஒரு மறுப்பு உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. நாற்பது மாணவருள் ஒருவன் தோற்றாமையால் வகுப்பின் இடை முழுவதும் #என்/ஏ ஆகிவிடுகின்றது. மறுநாட் காலை அதிபரிடம் தாளை ஒப்படைக்க வேண்டும். பெற்றோர் கையில் இக்குறிகளோடு தேர்ச்சி அறிக்கையைக் கொடுக்கவும் இயலாது என்பர். இது மெய்யான இடர்ப்பாடு. தீர்க்கும் வழியும் உண்டு. கணிக்கும் நிரலையும் காட்டும் நிரலையும் வேறாக்குதல் வேண்டும். கணிக்கும் நிரலில் வழுக்கள் தம் பெயரோடு நிற்க. காட்டும் நிரலில் மட்டும் #என்/ஏ என்பதற்குப் பதிலாகத் 'தோற்றவில்லை' என்று வருமாறு செய்க. வகுப்பின் இடையை, வழுக்களை விலக்கிக் கணிக்கும் அக்ரிகேட் என்னும் சார்பாற் காணலாம். அவ்வாறு காணுங்கால், எத்தனை பேரைக் கொண்டு கண்ட இடை அது என்பதை அருகில் 'நாற்பதின்மருள் முப்பத்தொன்பதின்மர்' என எழுதிவைத்தல் வேண்டும். விலக்கியதை வெளிப்பட விலக்குவது நேர்மை. சொல்லாது விலக்குவது மறைப்பு.

வழு எழாத வழு

வழுப்பெறுமானத்தைச் செவ்வனே தெரிந்தெடுத்தலால் எல்லாக் கேடும் நீங்கும் எனக் கருதுதலும் தவறாகும். கணக்கு முறியாது ஓடி முடிந்து, எண் தோன்றி, அவ்வெண் பொருளற்றதாய் இருத்தலும் உண்டு. 2011 ஆம் ஆண்டுக் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். இரு சாராரையும் ஒருங்கு சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகள் வழக்கிற்கு உள்ளாயின. இரு சாராரும் வெவ்வேறு குழுவினர் என்றும், தனித்தனியே கணித்தல் வேண்டும் என்றும் 2012 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடை காணப்பட்டது, நியம விலகல் காணப்பட்டது, வகுத்தலும் தடையின்றி நிகழ்ந்தது. கணக்கில் ஓரிடத்தும் பூச்சியத்தால் வகுக்கப்படவில்லை. ஆயினும் வந்த எண்கள் நிலைபெறவில்லை. இடை என்பது யாருடைய இடை என்னும் வினாவைக் கணக்கு தானே எழுப்பாது.

பிறநாட்டிலும் இத்தகைய மௌனம் கேடு விளைத்துள்ளது. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் கொரோனாத் தொற்றாளரின் விவரங்களைத் தொகுத்தபோது, பழைய வகை எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் ஏந்தாமையால், எஞ்சிய நிரைகள் விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்ரோபர் 2 வரைக்குரிய 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கிற் சேராது போயினர். கோப்பு நிறைந்தது என்னும் ஒரு குறி உரிய இடத்தில் எழுந்திருப்பின், தொற்றாளரோடு பழகியோரைத் தேடும் பணி அத்துணை நாள் தாழ்த்திராது.

தன்னாக்கச் சார்பின் தனிச்சிறப்பு இவ்விடத்திலேயே விளங்குகின்றது. உள்ளமைந்த சார்பு எண்ணை மட்டுமே அறியும். தன்னாக்கச் சார்பை இயற்றுவோரோ எண்ணின் பொருளையும் அறிவர். மேற்கூறிய இசட் புள்ளிச் சார்பு, குழுவின் பாடத்திட்டம் எது என்னும் நிரலையும் உள்ளீடாக வாங்கி, இரு பாடத்திட்டங்கள் கலந்திருக்கக் கண்டால் கணிக்க மறுத்தல் கூடும். மறுக்குங்கால் #வேல்யூ! தந்து, 'ஒரே பாடத்திட்டத்தினரைத் தருக' என்னும் உரையையும் சேர்த்தல் தகும். கணிக்கத் தெரிந்த சார்பினும், கணிக்கலாகாத இடத்தை அறிந்து மறுக்கும் சார்பு சிறந்தது.

பதிப்பாசிரியர் காட்டிய முன்மாதிரி

இல்லாததை இல்லையென்று காட்டும் இவ்வொழுக்கத்திற்குத் தமிழர் பிறநாட்டு முன்மாதிரியைத் தேட வேண்டுவதில்லை. ஏடுகளைச் செல்லரித்த காலத்தில் சங்க நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியர்க்கு ஒவ்வொரு பக்கத்திலும் இவ்வினா எழுந்தது. உ. வே. சாமிநாதையர் 1894 இற் பதிப்பித்த புறநானூற்றில் 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் இல்லை. அவ்விரண்டின் எண்களும் அவற்றின் இடத்திலேயே நிற்கின்றன. அடுத்த பாட்டு 269 என்றே எண்ணப்படுகின்றது. எண்களை நெருக்கி இடைவெளியை மூடியிருப்பின், நூல் குறைவற்றதுபோல் தோன்றியிருக்கும். இரு பாடல்கள் ஒருகாலத்தில் இருந்தன என்னும் அறிவும் அழிந்திருக்கும். ஐங்குறுநூற்றின் 129, 130 என்னும் இரு பாடல்களின் இடமும் அவ்வாறே வெறிதாய் நிற்கின்றது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில; கிடைத்த எட்டும் இரண்டாம்பத்து முதல் ஒன்பதாம்பத்து வரை எனத் தம் பழைய எண்ணோடே வழங்குகின்றன.

மேலும் நோக்கின், பதிப்பாசிரியர் இல்லாமையின் வகையையும் பிரித்துக் காட்டினர். பாட்டே கிடையாமை ஒன்று. பாட்டு இருந்து அடியின் ஒரு பகுதி சிதைந்தமை வேறொன்று. அது புள்ளிகளாற் காட்டப்பட்டது. பாட்டு முழுதும் இருந்து பாடியவர் பெயர் தெரியாமை பிறிதொன்று; அதுவும் தனியே குறிக்கப்பட்டது. சிதைந்த அடியைத் தம் புலமையால் நிரப்பவல்லவர் அவர். நிரப்பியிருப்பின் ஓசை நிறைந்திருக்கும். பின்வந்தோர் எது புலவர் வாக்கு, எது பதிப்பாசிரியர் வாக்கு என்று அறியாது மயங்கியிருப்பர். வேறோர் ஏடு கிடைக்குங்கால் நிரப்புதற்குரிய இடம் இது என்பதை அப்புள்ளிகளே பின்வந்தோர்க்குச் சொல்லிவைத்தன.

விரிதாளிற் சார்பு இயற்றுவோர் கடனும் அதுவே. தாம் எழுதிய சார்பைத் தாம் ஓய்வுபெற்ற பின்னும் பிறர் கையாள்வர். தவணைதோறும் புதிய புள்ளிகள் அதனுட் செல்லும். அவற்றுள் ஏதேனும் ஒன்று பிழைபடும் நாளில், அங்கு விளக்குதற்கு இயற்றியவர் இரார். சார்பு தரும் ஒரு பெயரே இருக்கும். தோற்றாத மாணவனுக்குப் பூச்சியம் இடாது #என்/ஏ இட்ட ஆசிரியர், அவனுக்கும் அவனோடு பரீட்சை எழுதிய ஏனையோர்க்கும் ஒருசேர நீதி செய்தவராவர். கணினிக் கல்வி பாடமாய் அமைந்துள்ள இக்காலத்தில், மாணவர்க்குச் சூத்திரம் எழுதப் பயிற்றும் ஆசிரியர், சூத்திரம் தோற்குமிடத்து யாது சொல்ல வேண்டும் என்பதனையும் உடன் பயிற்றுதல் இன்றியமையாத கடமையாகும்.